வெயில் நாளில் பூங்கா, மழை நாளில் ஆறு

சிங்கப்பூரின் காலாங் ஆறு பீஷான்–அங் மோ கியோ பூங்காவை ஒட்டி முன்பு 2.7 கிலோமீட்டருக்குக் கோடு கிழித்ததுபோல் ஓடியது. ஆறு என்பது மரியாதைக்குச் சொன்னது. இருபுறமும் கான்கிரீட் சுவர், அடியிலும் கான்கிரீட்.

அப்படிக் கட்டியதில் தப்பில்லை. வெப்பமண்டல மழை கொட்டும்போது தண்ணீரைச் சீக்கிரம் வெளியேற்ற வேண்டும். வழவழப்பான நேர்க் கால்வாயில் அது விரைந்து ஓடும். ஆனால் அத்தனை நீரும் ஒரே நேரத்தில் கீழ்ப்பகுதியைப் போய்ச் சேரும். சுவரின் விளிம்பைத் தாண்டிவிட்டால் ஊருக்குள்தான் வரும். மழையில்லாத நாளிலோ அவ்வளவு பெரிய தொட்டியின் நடுவே ஒரு நூல் தண்ணீர்!

கால்வாயைப் புதுப்பிக்கும் நேரம் வந்தபோது, நாட்டின் நீர்வளத்தைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகமும் தேசியப் பூங்காக் கழகமும் சேர்ந்து சுவரை உடைத்தன. 2012இல் வேலை முடிந்தபோது, அதே பூங்காவுக்குள் ஆறு வளைந்து நெளிந்து 3.2 கிலோமீட்டர் ஆகியிருந்தது.

வளைவும் புல்லும் கல்லும் நீரைத் தாமதப்படுத்தும். தாமதித்தால் தேங்காதா? ஓர் இடத்தை நொடிக்கு எவ்வளவு நீர் கடக்கிறது என்பது வேகத்தை மட்டும் பொறுத்ததல்ல. குறுக்குப் பரப்பை, அதாவது அகலமும் ஆழமும் சேர்ந்த அளவை, வேகத்தால் பெருக்க வேண்டும். பழைய கால்வாயின் அகலம் 17 முதல் 24 மீட்டர். இப்போது வெள்ளம் ஏறினால் ஏறக்குறைய 100 மீட்டர் வரை பரவும். வேகத்தில் இழந்ததை அகலம் ஈடுகட்டிவிடுகிறது.

அந்த அகலத்துக்கு நிலம் எங்கிருந்து வந்தது? இந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். ஆற்றுக்கு இவ்வளவு, மக்களுக்கு இவ்வளவு என்று வேலி போடவில்லை. பிள்ளைகள் ஓடும் அதே புல்வெளிதான் மழை நாளில் படுகை. சரிவு மெதுவானது, நீர் படிப்படியாக ஏறுவதால் ஆட்கள் மேட்டுக்கு நடந்துவிடலாம். நீர்மட்டத்தைக் கருவிகள் கவனிக்கின்றன. ஏறினால் விளக்கும் சங்கும் எச்சரிக்கும்.

கான்கிரீட் போனபின் கரை அரிக்காதா? இதற்காகவே முதலில் 60 மீட்டர் நீளத்தில் பத்து முறைகளைச் சோதித்தார்கள். சுள்ளிக்கட்டுகளைப் புதைப்பது, மண்ணை விரிப்பால் சுற்றி அடுக்குவது, கம்பிவலைக்குள் கல் நிரப்புவது என்று பல. எல்லாவற்றுக்கும் மேல் செடி. வேர் இறங்க இறங்கக் கரை உறுதியாகும்; கான்கிரீட்டுக்கோ கட்டிய நாள் முதல் வயதாகத் தொடங்கிவிடும். உடைத்த கான்கிரீட்டையும் வீணாக்காமல் பூங்காவில் ஒரு குன்றாக்கினார்கள்.

எல்லா இடத்திலும் இது நடக்காது. பக்கத்தில் 62 ஹெக்டேர் பூங்கா இருந்ததால் முடிந்தது. சுவரோடு சுவராக அடுக்குமாடி நிற்கும் இடத்தில் ஆறு எங்கே விரியும்?

பின்னாளில் நீர்நாய்க் குடும்பம் ஒன்று இந்தப் பூங்காவில் குடியேறியது. படம் எடுக்கக் கூட்டம் சேர்ந்தது. சிங்கப்பூரின் நீர்நாய்கள் ஆற்று மீனோடு நிற்பதில்லை; வீட்டுத் தோட்டக் குளங்களில் ஆசையாய் வளர்த்த விலை உயர்ந்த கோய் மீன்களையும் தின்றுவிடுகின்றன. குளத்தைச் சுற்றி வேலி போடுங்கள் என்பதுதான் மீன் வளர்ப்பவர்களுக்குக் கிடைக்கும் ஆலோசனை.