ஆவிக்குரிய மெச்சூரிட்டி: நம் வேதாகமத்தில் இதற்குத் ‘தேறுதல்’ என்று பெயர்

லிங்கராஜபுரத்தில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் பிலிப்பியர் நிருபம் படித்துக்கொண்டிருந்தோம். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த ஒரு தம்பி, “அண்ணா, ஸ்பிரிச்சுவல் மெச்சூரிட்டிக்குத் தமிழ்ல என்ன சொல்றது?” என்று கேட்டான். அவனைப்போல இங்கே நிறைய பேர் இருக்கிறார்கள். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், ஆபீசில் ஆங்கிலம். தமிழ் நன்றாகப் பேச வரும், எழுத்துக்கூட்டிப் படிப்பதுதான் கஷ்டம் என்பதால் கையில் ஆங்கில வேதாகமம். ஒருவர் முதிர்ச்சி என்றார், ஒரு அம்மா பக்குவம் என்றார், இன்னொருவர் பூரணம் என்றார். மூன்றும் தப்பில்லை. ஆனால் அன்று நாங்கள் திறந்து வைத்திருந்த அதே பக்கத்தில், பிலிப்பியர் 3-ஆம் அதிகாரத்திலேயே, இதற்கான தமிழ்ச்சொல் இருந்தது, அதை யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் எனக்கு மனதில் தைத்தது.

முதலில் மெச்சூரிட்டி. லத்தீனில் ‘மாத்தூருஸ்’ என்றால் பழுத்தது, உரிய நேரத்துக்கு வந்தது. அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்து, ஆங்கிலத்திலிருந்து நம் பேச்சுக்கு வந்தது. நம் ஊர்ப் பேச்சில் அதற்கு வேறு ஒரு அர்த்தமும் ஒட்டிக்கொண்டது: “அந்தப் பொண்ணு மெச்சூர் ஆயிட்டா” என்றால் வயதுக்கு வந்துவிட்டாள் என்று பொருள். சபையில் இருக்கிற பாட்டிமார் பலருக்கு அந்தச் சொல்லுக்கு அந்த ஒரே அர்த்தம்தான் தெரியும். பிரசங்கத்தில் “எல்லாரும் மெச்சூர் ஆகணும்” என்று சொன்னால் அவர்களுக்கு எப்படிக் கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர்களுக்கும் புரிகிற சொல் வேண்டும் என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

புதிய ஏற்பாட்டின் மூலத்தில் இருக்கிற சொல் லத்தீன் அல்ல, கிரேக்கம். ‘தெலெயோஸ்’. ‘தெலோஸ்’ என்பதிலிருந்து வருவது. தெலோஸ் என்றால் முடிவு, போய்ச் சேரவேண்டிய இலக்கு. எதற்காக உண்டானதோ அந்த இடத்தை எட்டியது எதுவோ அது தெலெயோஸ். வளர்ந்து ஆளான மனிதனுக்கும் அந்தச் சொல்தான், முழு வளர்ச்சி அடைந்த மிருகத்துக்கும் அதே சொல்தான். சிலுவையில் இயேசு “முடிந்தது” என்று சொன்ன சொல்லும் இதே வேரில் பிறந்தது. விதைக்கிறவன் உவமையில், முள்ளுள்ள இடத்தில் விழுந்தவை பலன்கொடாமல் போகின்றன என்று லூக்கா 8:14 சொல்கிற இடத்திலும் கிரேக்கத்தில் இந்த வேர் இருக்கிறது, அதாவது காய் வைக்கிறது, ஆனால் கடைசிவரை போய் விளையவில்லை.

இதைத் தமிழில் எப்படிச் சொன்னார்கள்? தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி முடிந்தது. அவருக்குப் பின் வந்த இன்னொரு ஜெர்மன் மிஷனரி பெப்ரிசியுஸ் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1772-இல் வந்தது. இன்று பெரும்பாலான சீர்திருத்த சபைகளில் நாம் வாசிக்கிற வேதாகமம் ஹென்றி பவரின் தலைமையில் திருத்தப்பட்டு 1871-இல் வெளியானது. அந்த வேதாகமத்தில் தெலெயோஸ் என்ற ஒரே சொல்லுக்கு இடத்துக்கு ஏற்றபடி பல சொற்கள் இருக்கின்றன. மத்தேயு 5:48-இல் ‘பூரண சற்குணர்’. எபேசியர் 4:13-இல் ‘பூரணபுருஷர்’. எபிரெயர் 5:14-இல் ‘பூரண வயதுள்ளவர்கள்’. கத்தோலிக்க சகோதரர்கள் வாசிக்கிற 1995-ஆம் வருடப் பொது மொழிபெயர்ப்பில் மத்தேயுவின் அந்த வசனம் ‘நிறைவுள்ளவர்’ என்று வருகிறது, அது எளிமையான, அழகான தமிழ். ஆனால் பவுல் சபையாரைப் பார்த்து “நம்மில் யாரெல்லாம் வளர்ந்திருக்கிறோமோ” என்று பேசுகிற இடங்களில் (1 கொரிந்தியர் 2:6, 14:20, பிலிப்பியர் 3:15, கொலோசெயர் 1:28) நம் பழைய வேதாகமம் வைத்திருக்கிற சொல் ‘தேறினவர்கள்’.

சரி, பூரணம் என்றே சொன்னால் என்ன? அது சமஸ்கிருதச் சொல், நிறைந்தது என்று பொருள். கொழுக்கட்டைக்குள் வைப்பதும் பூரணம்தான். நம் ஊர் ஒப்பட்டுக்குள் வைப்பதைக் கன்னடத்தில் ஹூரண என்பார்கள், அதே சொல் உருமாறி நிற்கிறது. குறை ஒன்றுமில்லாத நிறைவு என்ற பொருளுக்கு அது சரி, கடவுளைப் பற்றிச் சொல்லும்போது மிகச் சரி. ஆனால் ஒரு சாதாரண விசுவாசியைப் பார்த்து “நீ பூரணனாகு” என்றால் அவன் பயந்துபோய்ப் பின்வாங்குகிறான், இல்லையென்றால் ஏற்கெனவே ஆகிவிட்டதாக நினைத்துக்கொள்கிறான். ‘பூரணபுருஷர்’ என்பதில் இன்னொரு சங்கடமும் உண்டு. இன்றைய பேச்சில் புருஷன் என்றால் கணவன், அதனால் கூட்டத்தில் பாதிப்பேரான பெண்கள் இது தங்களுக்கு இல்லையோ என்று நினைக்க இடம் இருக்கிறது.

முதிர்ச்சி என்பது நல்ல தமிழ். முது, முதிர், முதியோர் எல்லாம் ஒரே குடும்பம். எழுத்தில் ‘ஆவிக்குரிய முதிர்ச்சி’ என்று நிலைத்தும்விட்டது, அதை மாற்றச் சொல்லி நான் சண்டை போடமாட்டேன். ஆனால் முதிர்வுக்கு வேண்டியது காலம் ஒன்றுதான். பேங்கில் போட்ட டெபாசிட்டுக்கு முதிர்வுத் தேதி வரும், நாம் ஒன்றும் செய்யவேண்டாம், நாள் போனால் போதும். விசுவாச வாழ்க்கை அப்படி இல்லையே. எபிரெயர் 5:12 இதைத்தான் வலியோடு சொல்கிறது: “காலத்தைப்பார்த்தால், போதகராயிருக்கவேண்டிய உங்களுக்கு” மறுபடியும் அரிச்சுவடி சொல்லித்தர வேண்டியிருக்கிறது, நீங்கள் இன்னும் பால் குடிக்கிறீர்கள் என்று. ஞானஸ்நானம் எடுத்து முப்பது வருடம் ஆகியிருக்கலாம், இருக்கையை ஒருவர் பிடித்துக்கொண்டதற்காக அந்தச் சபைக்கே வராமல் இருக்கிறவரை நான் பார்த்திருக்கிறேன். அந்த 14-ஆம் வசனம் பயிற்சி என்று ஒரு சொல் வைக்கிறது, கிரேக்கத்தில் அது உடற்பயிற்சிக் கூடத்துச் சொல்.

பக்குவம் எனக்கு மிகவும் பிடித்த சொல். சமஸ்கிருத வேர், ‘சமைந்தது, பழுத்தது’ என்ற பொருள், ஆனால் தமிழன் அதை அடுப்படிக்கே கொண்டுவந்துவிட்டான்: பாகு பக்குவம், கைப்பக்குவம். சைவ சித்தாந்தத்திலும் ஆன்மா பக்குவப்படுவது என்று விரிவாகப் பேசுவார்கள். இந்தச் சொல்லில் நெருப்பு இருக்கிறது, அது முக்கியம். யாக்கோபு 1-இல் சோதனையும் பொறுமையும் சேர்ந்து மனிதனை நிறைவாக்குவதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது கடினம். பழத்தை வைத்தும் பேசலாம். ரஸல் மார்க்கெட்டிலோ கலாசிபாளையத்திலோ மாம்பழம் வாங்குகிற யாருக்கும் தெரியும், மரத்தில் விளைந்து பழுத்தது வேறு, கல் வைத்துப் பழுக்கவைத்தது வேறு. கார்பைடு கல்லுக்கு அரசாங்கமே தடை போட்டிருக்கிறது. மேலே மஞ்சளாக இருக்கும், கொட்டையைச் சுற்றி இன்னும் புளிக்கும். வெயிலில் வாடிப் பழுத்ததை வெம்பல் என்போம், வயதுக்கு மீறிப் பேசுகிற பிள்ளையைப் பிஞ்சிலே பழுத்தது என்போம். மூன்று மாதத்தில் ஒருவரைத் தலைவராக்கி மேடையேற்றுகிற அவசரத்துக்கு நம் மொழியில் இத்தனை எச்சரிக்கைகள் இருக்கின்றன.

இப்போது தேறுதலுக்கு வருகிறேன்.

தேறு என்ற சொல்லை நாம் தினமும் சொல்கிறோம். “காய்ச்சல் வந்துச்சே, உடம்பு தேறிடுச்சா?” “பையன் கணக்குல தேறுவானா?” பழைய பேப்பர் கடையில் “மொத்தம் எவ்வளவு தேறும்?” பரீட்சையில் தேறினதைத் தேர்ச்சி என்கிறோம், இங்கே கர்நாடகத்தில் தேர்கடெ என்பார்கள், காதில் விழுந்தவுடனே சொந்தக்காரச் சொல் என்று தெரிந்துவிடும். இந்த எல்லாப் பேச்சுக்கும் அடியில் ஒரு பழைய பொருள் இருக்கிறது: கலங்கியது தெளிவது. சங்கப் பாடல்களில் தேறல் என்றால் தெளிந்த மது. தேற்றாங்கொட்டை என்று ஒன்று உண்டு. அந்தக் கொட்டையைப் பானையின் உட்புறத்தில் தேய்த்துவிட்டுக் கலங்கல் தண்ணீரை ஊற்றினால் மண் அடியில் போய்ப் படிந்து, மேலே தண்ணீர் தெளியும். கலித்தொகையில், பிரிவில் கலங்கிப் போன ஒரு பெண் தலைவனைச் சேர்ந்ததும் தெளிந்ததற்கு இந்தக் கொட்டையால் தெளிந்த நீரையே உவமை சொல்லியிருக்கிறார்கள். 2024 கோடையில் நம் ஊரில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தபோது டேங்கர் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து வைத்து மண் அடங்குவதற்காகக் காத்திருந்தவர்களுக்கு, தெளிவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதும், நடுவில் ஒருமுறை ஆட்டிவிட்டால் என்ன ஆகும் என்பதும் நன்றாகத் தெரியும்.

திருக்குறளில் இன்னொரு பொருள் கிடைக்கிறது. “தேறற்க யாரையும் தேராது தேர்ந்தபின் தேறுக தேறும் பொருள்” என்பது 509-ஆம் குறள். இங்கே தேர்தல் என்றால் ஆராய்வது, தேறுதல் என்றால் நம்புவது. ஆராயாமல் யாரையும் நம்பாதே, ஆராய்ந்தபின் நம்பவேண்டியதை நம்பு. அப்போ தேறுதலுக்குள் நம்பிக்கையும் இருக்கிறது! தெளிவு, சுகமடைவது, பயிற்சியில் வெல்வது, நம்புவது, இத்தனையும் ஒரே சொல்லுக்குள். கிரேக்கச் சொல் இலக்கை எட்டுவதைப் பற்றியது, அதில் இந்தச் சுகமடைகிற பொருள் இல்லை. அது தமிழில் நமக்குக் கூடுதலாகக் கிடைத்தது.

அதோடு முடியவில்லை. தேறு என்பதன் பிறவினை தேற்று. யோவான் 14-இல் பரிசுத்த ஆவியானவருக்குத் தமிழில் என்ன பெயர்? தேற்றரவாளன். கிரேக்கத்தில் அது ‘பராக்லேட்டோஸ்’, தெலெயோஸுக்கும் அதற்கும் சொல்லளவில் ஒரு தொடர்பும் கிடையாது. தமிழில்தான் தேற்றுகிறவரும் தேறினவர்களும் ஒரே வேரில் நிற்கிறார்கள். சின்னப் பிள்ளைகள்கூட மனப்பாடமாகச் சொல்கிற 23-ஆம் சங்கீதத்தைப் பாருங்கள்: “அவர் என் ஆத்துமாவைத் தேற்றி”, அடுத்த வசனத்தில் “உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்”. எபிரெயத்தில் இவை இரண்டு வேறு சொற்கள், முதலாவது திரும்பக் கொண்டுவருவது, இரண்டாவது ஆறுதல் தருவது. தமிழில் இரண்டுமே தேற்றுதல். நான் பல வருடம் இதைச் சொல்லிக்கொண்டே இருந்தும், தேறுவது என் வேலை மட்டும் இல்லை, என்னைத் தேற்றுகிற ஒருவர் இருக்கிறார் என்று இந்தச் சொல்லே சொல்வதைக் கவனித்ததில்லை.

துக்க வீட்டில் “ஆறுதலும் தேறுதலும் கர்த்தர் தருவாராக” என்று ஜெபிக்கிறோம் இல்லையா, அந்தத் தேறுதலும் இதுதான். எங்கள் கூட்டத்தில் ஒரு அம்மா இருக்கிறார், கணவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. அன்று இந்தப் பேச்சு வந்தபோது அவர் சொன்னார்: “நான் இன்னும் முழுசா தேறல தம்பி. ஆனா இப்போ வேற ஒரு சாவு வீட்டுக்குப் போய், அந்தப் பொம்பளை பக்கத்துல பேசாம உட்கார முடியுது. முதல்ல அது முடியல.” 2 கொரிந்தியர் 1:4-இல் பவுல் சொல்வதும் இதுதான், நமக்குக் கிடைத்த ஆறுதலினால்தான் மற்றவர்களுக்கு ஆறுதல் செய்யத் திராணி வருகிறது. ஆவிக்குரிய வளர்ச்சி என்றால் என்ன என்று கேட்டால் நான் இனி அந்த அம்மாவைத்தான் காட்டுவேன்.

“முழுசா தேறல” என்று அவர் சொன்னதில் இன்னொன்றும் இருக்கிறது. பிலிப்பியர் 3:12-இல் பவுல், “முற்றும் தேறினவனானேன் என்று எண்ணாமல்” தொடருகிறேன் என்கிறார். மூன்றே வசனம் தள்ளி, 15-இல், “நம்மில் தேறினவர்கள் யாவரும் இந்தச் சிந்தையாயிருக்கக்கடவோம்” என்று தன்னையும் சேர்த்துச் சொல்கிறார். இது முரண்பாடு மாதிரித் தெரியும், ஆனால் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் ‘முற்றும்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்து அதை விளங்க வைத்துவிட்டார்கள். தான் இன்னும் முற்றும் தேறவில்லை என்று தெரிந்தவர்தான் தேறினவர். உடம்பு தேறிவருகிறவர் ஓடமாட்டார், நடப்பார், தினமும் கொஞ்சம் அதிகமாக நடப்பார்.

புழக்கத்தில் எப்படிச் சொல்வது? ‘ஆவிக்குரிய தேர்ச்சி’ என்று எழுதினால் பரீட்சை ஞாபகம் வந்துவிடும், அதனால் எனக்கு அது ஒத்துவரவில்லை. பெயர்ச்சொல் தேவைப்படும் இடத்தில் ‘விசுவாசத்தில் தேறுதல்’ என்று சொல்லலாம், ஆளைச் சொல்ல ‘தேறினவர்’, போகிற வழியைச் சொல்ல ‘தேறிவருகிறார்’. தீமோத்தேயுவுக்கு பவுல் எழுதியதிலும் (1 தீமோத்தேயு 4:15) “நீ தேறுகிறது யாவருக்கும் விளங்கும்படி” என்றே நம் வேதாகமத்தில் இருக்கிறது. அங்கே கிரேக்கத்தில் வேறு சொல், முன்னேறுவது என்று பொருள், ஆனாலும் தமிழில் அதே தேறுதல்தான் வந்து நிற்கிறது. பேச்சில் சொல்ல ஒன்றும் கஷ்டம் இல்லை: “நீ தேறிட்டு வர்றே தம்பி, எங்களுக்குத் தெரியுது.” தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் இது புரியும், பாட்டிக்கும் புரியும்.

கொலோசெயர் 4:12-இல் எப்பாப்பிரா என்கிறவர், தன் ஊர்க்காரர்கள் “தேறினவர்களாகவும் பூரண நிச்சயமுள்ளவர்களாகவும்” நிலைநிற்க வேண்டும் என்று எப்பொழுதும் ஜெபத்தில் போராடுகிறார் என்று இருக்கிறது. அந்தத் தம்பி இந்த வசனத்தை ஆங்கில எழுத்தில் தமிழாகவே போனில் அடித்து வைத்துக்கொண்டான். இப்போது கூட்டம் முடிகிறபோது அதையே ஜெபமாகச் சொல்கிறோம், ஒவ்வொரு வாரமும் ஒருவருடைய பெயரை வைத்து.