டி.டி.எஸ். கருவி காணாத ஈயம்

"எங்கள் வீட்டுக் குழாய் நீரில் டி.டி.எஸ். 90 தான் காட்டுகிறது; அப்படியானால் அதில் ஈயம் இல்லை என்று நம்பலாமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நம்ப முடியாது. டி.டி.எஸ். என்பது நீரில் கரைந்துள்ள மொத்தத் திடப்பொருளின் அளவு. அதைக் காட்டும் கருவி நீரின் மின்கடத்துதிறனை அளந்து, கரைந்துள்ள உப்புகள் அனைத்தையும் சேர்த்து லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று ஒரே எண்ணாக மதிப்பிடுகிறது. குடிநீரில் ஈயத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் விதித்துள்ள வரம்போ லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், அதாவது 10 மைக்ரோகிராம். ஈயம் அந்த வரம்பைப் பத்து மடங்கு மீறினாலும் மொத்தத்தில் 0.1 மில்லிகிராம்தான் கூடும் என்பதால், திரையில் 90 என்பது 90 ஆகவே நிற்கும்.

ஈயத்தை மட்டும் இனம்பிரித்து அளக்க, மின்வேதியியலில் ஆனோடிக் ஸ்ட்ரிப்பிங் வோல்டாமெட்ரி என்றொரு முறை இருக்கிறது. அமிலத்தன்மையை மாறாமல் வைத்திருக்கும் தாங்கல் கரைசல் சேர்த்த நீர் மாதிரியில், ஈயம் படிவதற்கு ஒரு மின்முனை, மின்னழுத்தத்தை ஒப்பிட ஒன்று, மின்சுற்றை நிறைவு செய்ய ஒன்று என மூன்று மின்முனைகளை வைக்கிறார்கள். முதல் மின்முனைக்கு ஏறத்தாழ மைனஸ் 1.2 வோல்ட் கொடுத்து நீரைக் கலக்கிக்கொண்டே இருந்தால், அதை வந்தடையும் ஒவ்வொரு ஈய அயனியும் இரண்டு எலக்ட்ரான்களைப் பெற்று உலோகமாகப் படிந்துவிடும். இரண்டு நிமிடம் கழித்துக் கலக்குவதை நிறுத்தி, மின்னழுத்தத்தை நேர்முனைத் திசையில் விரைவாக உயர்த்துவார்கள். படிந்த உலோகங்கள் எலக்ட்ரான்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒவ்வொன்றும் தனக்குரிய மின்னழுத்தத்தில் மீண்டும் கரையும்: முதலில் துத்தநாகம், அடுத்துக் காட்மியம், சில்வர் குளோரைடு ஒப்பு மின்முனையைக் கொண்டு அளந்தால் மைனஸ் 0.5 வோல்ட்டை ஒட்டி ஈயம். மின்னழுத்தம் மாற மாற மின்னோட்டம் எவ்வளவு என்று காட்டும் வரைபடத்தில் முகடு தோன்றும் இடம் உலோகத்தின் பெயரைச் சொல்லும். முகட்டின் உயரம் அளவைச் சொல்லும்.

இவ்வளவு சிறிய அளவை எப்படி உணர முடிகிறது என்பதை ஒரு கணக்கால் விளக்குகிறேன். இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். வரம்பளவு ஈயமுள்ள 10 மில்லிலிட்டர் நீரில் 100 நானோகிராம் ஈயம் இருக்கும். அதில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது ஒரே ஒரு நானோகிராம் படிவதாகக் கொள்வோம். படியும் உலோகத்தின் அளவை மின்னூட்டத்தோடு இணைக்கும் ஃபாரடே விதிப்படி அதற்குத் தேவையான மின்னூட்டம் ஏறத்தாழ 0.93 மைக்ரோகூலும். இரண்டு நிமிடம் பரவிப் பாயும்போது அது வெறும் 8 நானோஆம்பியர் மின்னோட்டம். பின்னணி இரைச்சலில் எளிதில் மறைந்துவிடும். அதே மின்னூட்டம் கரையும்போது பத்தில் ஒரு வினாடிக்குள் வெளிவந்தால், 9 மைக்ரோஆம்பியர், அதாவது 1,200 மடங்கு பெரிய மின்னோட்டம் கிடைக்கிறது. ஈயத்தின் அளவு சிறிதும் கூடவில்லை. நெடுநேரம் சிறுகச் சிறுகச் சேர்த்ததை ஒரு நொடிக்குள் வாங்கிக்கொள்வதால்தான் சின்னஞ்சிறு சுவடும் முகடாக எழுகிறது.

இதன் வேர், 1922 இல் பிராகில் யாரோஸ்லவ் ஹெய்ரோவ்ஸ்கி சொட்டும் பாதரச மின்முனையைக் கொண்டு உருவாக்கிய, மின்னழுத்தத்தை மாற்றி மின்னோட்டத்தை அளக்கும் போலரோகிராபி முறையில் இருக்கிறது; அதற்காக 1959 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பாதரசம் ஈயத்தை நன்கு கரைத்து ஏற்கும் என்றாலும், நஞ்சைக் கண்டறிய இன்னொரு நஞ்சைக் கையாள வேண்டியிருந்தது. 2000 இல் ஜோசப் வாங் குழுவினர் பாதரசத்துக்கு மாற்றாகப் பிஸ்மத் என்னும் உலோகத்தின் படலத்தை அறிமுகப்படுத்தினர். மாதிரியிலேயே சிறிது பிஸ்மத் உப்பைச் சேர்த்தால் அதுவும் ஈயமும் ஒன்றாகவே கார்பன் மின்முனைமேல் படியும். சர்க்கரை அளவைப் பார்க்கும் பட்டையைப் போல அச்சிட்ட மின்முனையிலும் இதைச் செய்யலாம் என்பதால், கருவியைக் கிணற்றடிக்கே எடுத்துச் செல்ல முடிகிறது.

ஆனால் இயற்கை நீர் ஆய்வகக் கரைசலைப் போன்றதன்று. மட்கிய கரிமப் பொருளோடு பிணைந்த ஈயமும் துகளாக மிதக்கும் ஈயமும் அமிலத்தால் விடுவிக்கப்படாவிட்டால் கணக்கில் வராமல் போகும். நீரிலுள்ள பிற பொருள்கள் முகட்டின் உயரத்தையும் மாற்றக்கூடும் என்பதால், தெரிந்த அளவு ஈயத்தை அதே மாதிரியில் சேர்த்து, முகடு எவ்வளவு உயர்கிறது என்று ஒப்பிட்டுக் கணக்கிடுகிறார்கள். தூய நீரில் எவ்வளவு குறைந்த ஈயத்தையும் கண்டறிய முடிகிறது என்று காட்டும் ஆய்வுகளுக்குக் கிடைக்கும் ஆதரவில் ஒரு பங்காவது, ஊர்க் கிணற்று நீரில் கருவியை மாதக்கணக்கில் சோதிக்கும் ஆய்வுகளுக்குக் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அழகப்பச் செட்டியார் அளித்த நிலத்தில் எழுந்து, 1953 முதல் மின்வேதியியலுக்கென்றே காரைக்குடியில் இயங்கும் மத்திய ஆய்வு நிறுவனம் இருக்கும் நாட்டில் இது எட்டாத காரியமன்று.

மின்வேதியியலின் பெயரால் நடக்கும் ஓர் ஏமாற்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். சுத்திகரிப்புக் கருவி விற்க வருவோர் சிலர், உலோகக் கம்பிகளை நீரில் விட்டு மின்சாரம் பாய்ச்சி, பழுப்பாகத் திரளும் வண்டலை நீரின் நஞ்சு என்று காட்டுகிறார்கள். அது இரும்புக் கம்பியே கரைந்து உண்டான இரும்பு ஹைட்ராக்சைடு. அவர்கள் ஒப்பிட்டுக் காட்டும் சுத்திகரித்த நீரில் உப்பு குறைவு; அதில் மின்சாரம் அதிகம் பாயாததால் வண்டலும் குறைகிறது, அவ்வளவுதான்.

கேள்வி கேட்ட வாசகருக்கு: ஈயம் பெரும்பாலும் பித்தளைக் குழாய்த் தலைப்பிலிருந்தும் பழைய பி.வி.சி. குழாயிலிருந்தும் நீரில் இறங்குகிறது, பி.வி.சி. குழாய்களில் ஈயச் சேர்மத்தைக் கட்டுப்படுத்தும் விதிகளை மத்திய அரசு 2021 இல்தான் வெளியிட்டது. ஆகவே இரவு முழுவதும் குழாயைத் திறக்காமல் வைத்திருந்து, காலையில் முதலில் வரும் ஒரு லிட்டர் நீரைச் சிறிதும் வழியவிடாமல் பிடித்துக்கொண்டு, ஈயத்தைத் தனியாக அளந்து தரும் ஆய்வகத்துக்குக் கொண்டு செல்லுங்கள். கொதிக்க வைத்து எடுத்துச் செல்லாதீர்கள். நீர் ஆவியாகிக் குறையும்போது ஈயம் அப்படியே தங்கி, அதன் செறிவு கூடிவிடும்.