வகுப்புத் தோழர்களின் சாட்சியம்: கலையாமல் எடுப்பது எப்படி?

பிளஸ் டூ முடித்து இருபத்தைந்து ஆண்டு கழித்து ஒரு வகுப்பு மறுபடி கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊருக்கு வெளியே ஒரு ரிசார்ட், முப்பது பேர், ஒரே இரவு. விடிந்து பார்த்தால் அவர்களில் ஒருவர் வாகனம் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் இறந்து கிடக்கிறார், தலையில் அடி. கொலை வழக்குப் பதிவாகிறது. பத்து நாள் கழித்து குடும்பத்தார் ஒரு தனியார் துப்பறிவாளரை அமர்த்துகிறார்கள்.

அவர் கைக்கு எட்டுவது மிகக் குறைவு. உடல் அடக்கம் ஆகிவிட்டது. இடத்தைக் கழுவிவிட்டார்கள். யார் யாரிடம் பேசினார்கள் என்ற செல்போன் அழைப்புப் பட்டியலை நிறுவனத்திடம் கேட்டு வாங்கும் அதிகாரம் போலீசுக்குத்தான் உண்டு. காசு கொடுத்து வாங்கினால் துப்பறிவாளரே குற்றவாளி ஆவார். யாரையும் அழைத்து வைத்து விசாரிக்கவும் அவருக்கு உரிமை கிடையாது. பேச விரும்புகிறவரிடம் மட்டுமே பேசலாம். மிச்சம் இருப்பது முப்பது பேரின் நினைவு.

மருத்துவ அறிக்கை நேரத்தைச் சொல்லிவிடுமே என்று பலர் நினைக்கிறார்கள். உடல் வெப்பநிலையைக் கொண்டு இறந்த நேரத்தைக் கணிக்கும் முறைகளில் அதிகம் பயன்படுவது ஜெர்மன் மருத்துவர் ஹென்ஸ்கே உருவாக்கிய கணக்கு. எல்லாம் சரியாக அமைந்தாலும் அதன் பிழை எல்லை இரு பக்கமும் 2.8 மணி நேரம். அதாவது ஐந்தரை மணி நேரத்துக்கும் மேலான ஒரு கால இடைவெளி. நம் ஊர் சித்திரை மாத இரவில், காற்றே 30 டிகிரியில் நிற்கும்போது, 37 டிகிரியில் இருக்கும் உடல் குளிர அதிக இடம் இல்லை. கணக்கு இன்னும் தளரும். அந்த ஐந்தரை மணி நேரத்தைச் சுருக்க வேண்டுமானால், கடைசியாக அவரை உயிரோடு பார்த்தது யார், எப்போது என்று மனிதர்கள்தான் சொல்ல வேண்டும்.

இங்கேதான் சிக்கல். நினைவும் ஈரமண்ணில் பதிந்த காலடி மாதிரிதான். மேலே நாலு பேர் நடந்தால் அழிந்துவிடும். துப்பறிவாளர் வருவதற்குள் முப்பது பேரும் அதன்மேல் பத்து நாள் நடந்திருப்பார்கள், வாட்ஸ்அப் குழுவில்.

2003இல் கேபர்ட், மேமன், ஆலன் என்ற மூன்று உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். இருவர் இருவராக உட்காரவைத்து ஒரு சம்பவத்தின் காணொளியைக் காட்டினார்கள். இருவரும் பார்த்தது ஒரே காட்சி என்று சொல்லப்பட்டது. உண்மையில் வேறு வேறு கோணத்தில் எடுத்தவை. ஒருவருக்குத் தெரிந்த சில விஷயங்கள் மற்றவருக்குத் தெரியவே வாய்ப்பில்லை. பிறகு இருவரையும் பேசவிட்டு, தனித்தனியாக எழுதச் சொன்னார்கள். பேசியவர்களில் 71 விழுக்காட்டினர், தாங்கள் பார்த்தே இராத ஒன்றையாவது பார்த்ததாக எழுதினார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஒரு தகவல் மனதில் தங்குகிறது, அது எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு தங்குவதில்லை. கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் ஒரே அலமாரியில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. 2008இல் ஹோப் என்பவரின் குழு இன்னொன்றையும் காட்டியது: அந்நியர்களைவிட நண்பர்களிடமிருந்தே இந்தத் தொற்று அதிகம். சின்ன வயதிலிருந்து நம்பிய ஒருவன் சொன்னால் அது நம் நினைவாகவே ஆகிவிடுகிறது. பழைய வகுப்புத் தோழர்கள் இந்த வகையில் மிகவும் ஆபத்தான சாட்சிக் கூட்டம்.

ஆனால் அவர்களிடம் ஒரு பெரும் பலமும் உண்டு. 1975இல் பாரிக்கும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் பள்ளி முடித்த 392 பேரைச் சோதித்தார்கள். ஆண்டு மலர்ப் படங்களைக் காட்டி உடன் படித்தவர் யார் என்று கேட்டபோது, படிப்பு முடித்து 15 ஆண்டுக்குள் இருந்தவர்கள் ஏறக்குறைய 90 விழுக்காடு சரியாகச் சொன்னார்கள். 48 ஆண்டு ஆனவர்கள்கூட 70 விழுக்காடு. படம் எதுவும் காட்டாமல் பெயர்களை நினைவிலிருந்து சொல்லச் சொன்னபோது மட்டும் முறையே 60 விழுக்காடாகவும் 30 விழுக்காடாகவும் விழுந்துவிட்டது. ஆகவே “அன்னிக்கு யார் யார் இருந்தாங்க?” என்று வெறுமனே கேட்பது மோசமான கேள்வி. முழு வகுப்பின் பழைய குழுப் படத்தையும், வந்தவர்களும் வராதவர்களும் கலந்த இப்போதைய படங்களையும் மேசையில் பரப்புவது நல்ல கேள்வி.

இதே காரணத்தால் மங்கலான சிசிடிவி உருவத்தை யாரிடம் காட்டுவது என்பதற்கும் விடை கிடைக்கிறது. 1999இல் பர்ட்டன் குழு செய்த ஆய்வில், தெரிந்த ஆளை மோசமான பதிவிலும் மக்கள் மிக நன்றாக அடையாளம் கண்டார்கள். தெரியாத ஆளை, அனுபவமுள்ள போலீஸ்காரர்களும் சரியாகச் சொல்லவில்லை. ரிசார்ட் காவலாளிக்கு அந்த உருவம் வெறும் நிழல். வகுப்புத் தோழருக்கு அது ஒரு பெயர். தனித்தனியாகக் காட்ட வேண்டும், “இது அவர்தானே?” என்று கேட்கவே கூடாது. சொன்ன பிறகு “நல்லது, மத்தவங்களும் அதான் சொன்னாங்க” என்று தலையாட்டுவதும் தவறு. அந்த ஒரு வார்த்தை சாட்சியின் உறுதியை ஊதிப் பெருக்கிவிடும் என்று 1998இல் வெல்ஸும் பிராட்ஃபீல்டும் காட்டியிருக்கிறார்கள். அரைமனதாகச் சொன்னவர் நீதிமன்றத்தில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்.

வேலையின் வரிசை முக்கியம். முதல் நாள் மனிதர்களிடம் போகாமல் இயந்திரங்களிடம் போக வேண்டும், ஏனென்றால் அவை அழிந்துகொண்டிருக்கின்றன. சிறிய நிறுவனங்களில் சிசிடிவி காட்சிகளைச் சேமிக்கும் டி.வி.ஆர். பெட்டி, வன்தட்டு நிரம்பியதும் பழையதன்மேல் புதியதை எழுதும். பெரும்பாலும் 15 முதல் 30 நாள்தான் தாங்கும். உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதியோடு, திரையைப் படம் பிடிக்காமல், பெட்டியின் சொந்த வடிவிலேயே பதிவை இறக்க வேண்டும். அதற்கு முன் ஒரு வேலை: டி.வி.ஆர். திரையின் கடிகாரத்தையும் செல்போன் கடிகாரத்தையும் ஒரே படத்தில் எடுத்துக்கொள்வது. திரையில் 9:47:10, போனில் 9:35:40 என்றால் பெட்டி பதினொன்றரை நிமிடம் முந்திப் போகிறது. இதைக் குறிக்காமல் விட்டால் குற்றமற்ற ஒருவர் தவறான நேரத்தில் தவறான இடத்தில் நிற்பார். கோப்பின் ஹாஷ் மதிப்பை, அதாவது கோப்பில் ஏதாவது மாறினால் தானும் மாறிவிடும் கைரேகை போன்ற குறியீட்டை, அங்கேயே எடுத்து எழுதிவைக்க வேண்டும். இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியம் பிரிவு 63இன் கீழ் தரவேண்டிய சான்றிதழில் அதற்கென்றே இடம் இருக்கிறது.

கூடத்தில் எடுத்த செல்ஃபிகளிலும் கவனம் தேவை. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வந்ததில், எடுத்த நேரமும் இடமும் உரிந்துபோயிருக்கும்; கோப்பின் பெயரில் ஒரு தேதியும் வரிசை எண்ணும்தான் மிஞ்சும். படத்தை எடுத்தவரின் போனிலிருந்து மூலக் கோப்பை, ஆவணமாக அனுப்பச் சொல்லி வாங்க வேண்டும்.

அடுத்தது அந்த வாட்ஸ்அப் குழுவே. சம்மதிக்கும் ஓர் உறுப்பினரிடம் உரையாடலை ஏற்றுமதி செய்து தரச் சொல்லலாம். இரண்டு பேரிடம் வாங்கினால், ஒருவர் தன் போனில் அழித்தது மற்றவரிடம் இருக்கும். கொலைகாரன் ஏதாவது உளறியிருப்பான் என்பதற்காக இதைப் படிப்பதில்லை. எந்தத் தகவல், எத்தனை மணிக்கு, யார் வழியாகக் குழுவுக்குள் நுழைந்தது என்று பார்க்கவே. “ரெண்டு பேரும் பார்க்கிங்ல கத்திக்கிட்டு இருந்தாங்களாம்” என்று மறுநாள் காலை 10:12க்கு ஒருவர் போட்டிருக்கிறார் என்றால், அதற்குப் பிறகு அதைச் சொல்லும் ஏழு பேரையும் ஏழு சாட்சி என்று எண்ண முடியாது. ஒரு சாட்சிதான். அந்த ‘கத்திக்கிட்டு இருந்தாங்களாம்’ என்பதில் உள்ள ‘ஆம்’ விகுதியைப் பார்த்தால், அவர்கூட நேரில் பார்த்தவர் இல்லை. கேட்டதைச் சொல்கிறேன் என்று காட்ட நம் மொழியில் ஒரு விகுதியே இருப்பது விசாரிப்பவருக்குப் பெரிய வரம். பத்து நாளில் அந்த ‘ஆம்’ உதிர்ந்து “கத்தினாங்க” என்று மாறுவதை வரிவரியாகப் பார்க்கலாம்.

இந்த வரைபடம் கையில் வந்ததும் யாரை முதலில் பார்ப்பது என்பது தானே தெரியும். குழுவில் இல்லாதவர்கள் முதலில்: சமையல்காரர், காவலாளி, பாட்டுப் போட்டவர். பிறகு குழுவில் வாய் திறக்காதவர்கள். கதையை ஊருக்கெல்லாம் சொன்னவர் கடைசியில்.

இனி பேட்டி. ஃபிஷர், கெய்சல்மன், ரேமண்ட் ஆகியோர் 1987இல் அமெரிக்கத் துப்பறியும் காவலர்களின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, சாட்சி பேசத் தொடங்கி சராசரியாக ஏழரை விநாடியில் காவலர் குறுக்கிட்டார் என்று தெரிந்தது. ஏழரை விநாடியில் ஒருவர் நாற்காலியில் சரியாக உட்காரக்கூட முடியாது. இதற்கு மாற்றாக ஃபிஷரும் கெய்சல்மனும் வகுத்த முறைக்கு அறிதல்சார் நேர்காணல் என்று பெயர். 1985இல் அவர்கள் செய்த சோதனையில் வழக்கமான விசாரணை சராசரியாக 29 சரியான தகவலைத் தந்தது, இந்த முறை 41ஐத் தந்தது, தவறுகள் கூடவில்லை.

அதைச் செய்வது இப்படி. அமைதியான அறை, வேறு யாரும் இல்லை, குறைந்தது ஒன்றரை மணி நேரம். சாட்சியிடம் முதலில் சொல்ல வேண்டியது:

“அங்க இருந்தது நீங்கதான் சார், நான் இல்லை. அதனால நீங்க பேசுங்க, நான் கேட்டுக்கறேன். தெரியலைன்னா தெரியலைன்னே சொல்லுங்க. கேள்விப்பட்டதா இருந்தா யார் சொன்னாங்கன்னும் சேர்த்துச் சொல்லுங்க.”

பிறகு அந்த இரவுக்குத் திரும்பிப் போகச் சொல்வது. எந்தக் கதவு வழியாகக் கூடத்துக்குள் வந்தீர்கள், என்ன வாசனை, என்ன பாட்டு, செருப்பை எங்கே விட்டீர்கள். ஒரு தாளைக் கொடுத்துக் கூடத்தை வரையச் சொன்னால் இன்னும் நல்லது. கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை. பந்தி மேசையை வரையும் கை அங்கே நின்ற ஆளையும் சேர்த்து வரைந்துவிடும். பேசி முடித்த பிறகும் பத்து விநாடி அமைதியாக இருக்க வேண்டும். பல நல்ல தகவல்கள் அந்த அமைதியில்தான் வருகின்றன. கடைசியில் ஒருமுறை பின்னாலிருந்து முன்னால் சொல்லச் சொல்லலாம்: அறைக்குப் போய்ப் படுத்தீர்கள், அதற்கு முன்னால்? அதற்கும் முன்னால்? வழக்கமாக நடக்கிற வரிசையை வைத்து மனம் நிரப்பிய இடைவெளிகள் இதில் வெளியே தெரியும்.

கெடுவது எங்கே என்றால், கேள்வியின் சொற்களில். “சிவப்புச் சட்டைக்காரர் எத்தனை மணிக்கு வெளியே போனார்?” என்ற கேள்வி சட்டை சிவப்பு, அவர் வெளியே போனார், இந்தச் சாட்சி அதைப் பார்த்தார் என்று மூன்று விஷயங்களை விதைக்கிறது. 1974இல் லாஃப்டஸும் பால்மரும் ஒரு கார் விபத்துப் படத்தைக் காட்டி, 50 பேரிடம் ‘இடித்தபோது’ என்றும் இன்னொரு 50 பேரிடம் ‘மோதி நொறுங்கியபோது’ என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டால் முதல் குழுவில் 7 பேர் ஆம் என்றார்கள், இரண்டாவது குழுவில் 16 பேர். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை.

மணிக்கணக்கு கேட்பதிலும் பயன் இல்லை. மனம் கடிகாரத்தைப் பதிவதில்லை, வரிசையைப் பதிகிறது. “கேக் வெட்டுறதுக்கு முன்னாடியா, பின்னாடியா? கரண்ட் போனப்போ எங்க இருந்தீங்க?” என்று கேட்டு வரிசையை மனிதரிடம் வாங்கி, நேரத்தை யு.பி.ஐ. குறுஞ்செய்தியிலிருந்தும் மூலப் படக் கோப்பிலிருந்தும் திருத்திய டி.வி.ஆர். நேரத்திலிருந்தும் எடுத்து இரண்டையும் ஒரே தாளில் பொருத்த வேண்டும்.

வகுப்புக் கூட்டத்துக்கே உரிய இன்னொரு கோளாறு, பட்டப்பெயர். பள்ளியில் முரடன் என்று பெயர் எடுத்தவன் நாற்பத்திரண்டு வயதில் சத்தமாகச் சிரித்தாலும் சண்டை என்றே நினைவில் பதியும். தெரியாத இடங்களை மனம் பழைய அச்சில் வார்த்து நிரப்புகிறது என்று 1932லேயே பார்ட்லெட் எழுதியிருக்கிறார். “அவன் அப்பவே அப்படித்தான்” என்று தொடங்கும் வாக்கியத்தைக் குறித்துக்கொள்ளலாம். ஆனால் நிகழ்வுப் பட்டியலில் சேர்க்கக் கூடாது.

சந்தேகத்துக்குரியவர் பேச முன்வந்தால்? முகத்தைப் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடிக்கலாம் என்ற நம்பிக்கையைக் கைவிட வேண்டும். பாண்ட், டிபாலோ இருவரும் 2006இல் தொகுத்த கணக்கில் மனிதர்கள் பொய்யையும் மெய்யையும் பிரிப்பது 54 விழுக்காடு. நாணயம் சுண்டுவதைவிடக் கொஞ்சம் மேல். கண்ணைத் தாழ்த்துவது, வியர்ப்பது எல்லாம் துக்கத்திலும் நடக்கும். பலன் தருவது, ஆதாரத்தைப் பிடித்துவைத்துக் கேட்கும் முறை. அவர் பார்க்கிங் பக்கம் 10:40க்குப் போனது பதிவில் இருக்கிறது என்றால் அதைச் சொல்லாமல், அன்றைய மாலை முழுவதையும் சொல்லச் சொல்ல வேண்டும். பிறகு கூடத்தை விட்டு எப்போதாவது வெளியே வந்தீர்களா என்று பொதுவாகக் கேட்டு, கடைசியில்தான் பதிவைக் காட்ட வேண்டும். வண்டியில் சார்ஜர் எடுக்கப் போனவர் பெரும்பாலும் தானே சொல்லிவிடுவார். 2006இல் சுவீடனில் ஹார்ட்விக் குழு நடத்திய சோதனையில் இதில் பயிற்சி பெற்ற காவல் மாணவர்கள் 85 விழுக்காடு சரியாகக் கணித்தார்கள். பயிற்சி இல்லாதவர்கள் 56.

ஆனால் பதிவில் உண்மையிலேயே கனமான ஒன்று இருந்தால் துப்பறிவாளர் இந்தப் பேட்டியையே எடுக்கக் கூடாது. சந்தேகத்துக்குரியவர் எச்சரிக்கை அடைவார், எஞ்சியதை அழிப்பார், சாட்சிகளை மிரட்டவும் கூடும். கொலை பற்றித் தெரியவரும் தகவலைத் தெரிவிப்பது இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா பிரிவு 33இன்படி எல்லோருக்கும் உள்ள கடமை, அவருக்கும்தான்.

விசாரணை அதிகாரியிடம் ஒப்படைக்கும் ஆவணக் கட்டுக்குள் இருக்க வேண்டியவை: வெட்டாத ஒலிப்பதிவுகள், சாட்சிகள் வரைந்த மூலத் தாள்கள், ஹாஷ் மதிப்போடு காணொளிக் கோப்புகள், டி.வி.ஆர். கடிகாரப் படம், எந்தத் தகவல் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்ற குழு வரைபடம். ஒவ்வொரு சாட்சிக்கும் துப்பறிவாளரின் போன் எண்ணைக் கொடுத்துவிட்டு வர வேண்டும். நல்ல பேட்டி முடிந்த பிறகும் நினைவு வேலை செய்துகொண்டே இருக்கும். இரண்டு நாள் கழித்து “சார், ஒண்ணு சொல்ல விட்டுட்டேன்” என்று அழைப்பு வரும்போது, வந்த நேரத்தையும் இடையில் அவர் யாரிடம் பேசினார் என்பதையும் முதலில் எழுதிக்கொண்டு, பிறகு கேட்க வேண்டும்.