செட்ரிசின் கொடுத்தும் நாய் ஏன் சொறிந்துகொண்டே இருக்கிறது?

நாய் ராத்திரி முழுக்கச் சொறிகிறது என்றால் பல வீடுகளில் முதலில் கை போவது செட்ரிசின் மாத்திரைக்குத்தான். நமக்குத் தடிப்பு வந்தால் கேட்கிற மாத்திரை நாய்க்குப் பெரும்பாலும் கேட்பதில்லை. காரணம் அளவில் இல்லை, அரிப்பு உண்டாகும் வழியில் இருக்கிறது. கொசு கடித்து நமக்குத் தடிப்பதில், உடலே சுரக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளுக்குப் பெரிய பங்கு. செட்ரிசின் தடுப்பது அதைத்தான். நாயின் ஒவ்வாமை அரிப்பிலோ ஹிஸ்டமின் வெறும் பக்கவாத்தியம். முன்னால் உட்கார்ந்து பாடுவது இன்டர்லூக்கின்-31 என்ற புரதம். 2004-இல் கண்டறியப்பட்ட இதை, ஒவ்வாமையால் கிளர்ந்த நோய் எதிர்ப்புச் செல்கள் சுரக்கின்றன. அது தோலின் நரம்பு நுனியில் போய் ஒட்டியதும் செய்தி தண்டுவடம் ஏறி மூளைக்குப் போகிறது, பின்னங்கால் கிளம்புகிறது.

அந்தச் செய்தியை நரம்புக்குள்ளேயே தடுக்கும் ஒக்ளாசிட்டினிப் மாத்திரை 2013-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒரே நாளில் அரிப்பு தணிவதைப் பார்க்கலாம். ஆனால் ஒரு வயது நிரம்பாத குட்டிக்கும், கடுமையான நோய்த்தொற்று உள்ள நாய்க்கும் இது ஆகாது. பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் வேகமாகக் கேட்கும். கூடவே தண்ணீர்த் தாகமும் அகோரப் பசியும் வரும், பல நாள் கொடுத்துவிட்டுச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. இரண்டுமே கால்நடை மருத்துவர் எடை பார்த்து எழுதித் தரவேண்டியவை. அரிப்பை அடக்குவது வேறு, அரிப்புக்கான காரணத்தை எடுப்பது வேறு.

காரணத்தை நாயே காட்டிக்கொடுக்கும். வாலடியிலும் பின்தொடையிலும் கடித்துக் கடித்து முடி கொட்டியிருந்தால் தெள்ளுப்பூச்சி. பாதத்தை நக்கி நக்கி முடி செம்பழுப்பாகி, காதும் வயிறும் சிவந்திருந்தால் தூசி, மகரந்தம், உணவு போன்றவற்றால் வரும் ஒவ்வாமையாக இருக்கலாம். காது ஓரமும் முழங்கையும் பொருக்குத் தட்டியிருந்தால் சொறிப்பேன். காது மடலின் ஓரத்தை இரு விரலால் சில நொடி தேய்த்துப் பாருங்கள். பின்னங்கால் தானாகச் சொறிவதுபோல ஆடினால் சந்தேகம் வலுக்கிறது. வீட்டில் மனிதர்களுக்கும் அரித்தால் இன்னும் வலுக்கிறது.

இவற்றில் தெள்ளுப்பூச்சியைப் பற்றித்தான் அதிகம் சொல்லவேண்டும், ஏனென்றால் "எங்கள் நாய்க்குத் தெள்ளே கிடையாது" என்று உறுதியாகச் சொல்லும் வீடுகளில்தான் அது அதிகம் ஏமாற்றுகிறது. ஒவ்வாமை உள்ள நாய்க்கு ஒன்றிரண்டு கடியே போதும். அரிப்பைக் கிளப்புவது தெள்ளின் எச்சில், எண்ணிக்கை அல்ல. அரித்த இடத்தை நாய் கடித்து நக்கும்போது பூச்சியையும் விழுங்கிவிடும். அதனால் தேடினால் ஒன்றும் அகப்படாது. நாயின் மலத்தில் வெள்ளரி விதைபோல வெள்ளைத் துண்டு தெரிந்தால் அதுவும் தெள்ளுக்குச் சாட்சிதான். அது நாடாப்புழுவின் துண்டு, அந்தப் புழு விழுங்கிய தெள்ளு வழியாகத்தான் குடலுக்குள் போகிறது. இன்னொரு சோதனை: வாலடியை நெருக்கமான சீப்பால் சீவி, உதிரும் கருந்துகளை ஈரமான வெள்ளைத் தாளில் தட்டுங்கள். துகளைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் ஊறினால் அது மண்ணல்ல. தெள்ளு குடித்துக் கழித்த ரத்தம்.

பெண் தெள்ளு ஒரு நாளைக்கு 40 முட்டைக்கு மேலும் இடும். முட்டை முடியில் ஒட்டாமல் நாய் படுக்கும் சாக்கிலும் கட்டிலடியிலும் உதிர்கிறது. வளர்ந்த பூச்சிகளாக நாய்மேல் இருப்பது மொத்தத்தில் 5 சதவீதம் அளவுதான். மீதி வீட்டில் முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாக இருக்கிறது. புழுவுக்கு ஈரப்பதமும் நிழலும் வேண்டும், வெயில் நேராக விழும் வெறுந்தரையில் பிழைக்காது. நம் கடலோர ஊர்களின் புழுக்கம் அதற்குத் தோதானது. கூட்டுப்புழு மட்டும் பிசுபிசுப்பான கூட்டுக்குள் மாதக்கணக்கில் காத்திருக்கும், பூச்சி மருந்தும் எளிதில் உள்ளே இறங்காது. காலடி அதிர்வும் மூச்சுக்காற்றும் பட்டதும் வெளியே வரும். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் காலில் தெள்ளு ஏறுவது இப்படித்தான்.

ஆகவே ஒரு மாதம் மருந்து போட்டுவிட்டு "பலன் இல்லை" என்று நிறுத்துவது வீண். குறைந்தது மூன்று மாதம், வீட்டிலுள்ள எல்லா நாய் பூனைக்கும் ஒரே சமயத்தில் போடவேண்டும். அஃபாக்சோலனெர் மாத்திரை ஒரு மாதம் தாங்கும், ஃப்ளூரலனெர் 12 வாரம். வலிப்பு வந்த நாய் என்றால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள். பிடரியில் விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்தை முடியை விலக்கித் தோலில் விடவேண்டும். அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக்கூடாது. பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனையைக் கொன்றுவிடும். படுக்கைத் துணியை வாரம் ஒருமுறை கொதிக்கும் சூட்டுத் தண்ணீரில் அலசி வெயிலில் போடுங்கள்.

குளியலிலும் ஒரு பிழை பரவலாக நடக்கிறது. நாயின் மேல்தோல் நம்முடையதைவிட மெல்லியது, அமிலத்தன்மையும் குறைவு. நம் சோப்பும் ஷாம்பூவும் அதை வறளவைத்து அரிப்பைக் கூட்டும். தோல் பிசுபிசுத்து ஊசிய நாற்றம் அடித்தால், சொறிந்த புண்ணில் கிருமியோ ஈஸ்ட் என்ற பூஞ்சையோ குடியேறியிருக்கிறது. அப்போது குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த நாய் ஷாம்பூ வாரம் இருமுறை. நுரையைப் பூசிக் கடிகாரம் பார்த்து 10 நிமிடம் ஊறவிடவேண்டும். உடனே கழுவினால் மருந்துக்கு வேலைசெய்ய நேரமில்லை. தண்ணீர் சூடாக இருக்கக்கூடாது, சூடு அரிப்பைக் கிளறும். மண்ணெண்ணெய், வண்டியில் இறக்கிய பழைய ஆயில், டீ ட்ரீ எண்ணெய் மூன்றும் வேண்டாம். தடவியதை நாய் நக்கும், நக்கியது வயிற்றுக்குப் போகும். சொறிக்கு என்று ஐவர்மெக்டின் ஊசியை வாங்கி வீட்டிலேயே போடுவதும் ஆபத்து. கோலி போன்ற இனங்களில் பல நாய்களின் மூளைக்குள் அது கசிந்துவிடும்.

தெள்ளு ஒழிந்தும் வருடம் முழுக்க அரித்தால் உணவைச் சந்தேகிக்கலாம். மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை ஆகியவைதான் அடிக்கடி பிடிபடுபவை. தயிர்சோறும் கோழித்தோலும் தினம் தின்னும் நாய்க்கு இதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை உதவாது. நாய் இதுவரை தின்றிராத ஒரே ஒரு புரதமும் ஒரே ஒரு மாவுப்பொருளும், உதாரணமாக மீனும் உருளைக்கிழங்கும், மருத்துவர் மேற்பார்வையில் 8 வாரம் கொடுத்துப் பார்க்கவேண்டும். நடுவில் ஒரு பிஸ்கட், ஒரு வாய் பால், ஏன், கோழிச் சுவை சேர்த்த பூச்சி மாத்திரைகூடக் கணக்கைக் கெடுத்துவிடும். அரிப்பு அடங்கினால் பழைய சாப்பாட்டைத் திரும்பப் போடுங்கள். இரண்டு வாரத்துக்குள் மறுபடி சொறிய ஆரம்பித்தால் குற்றவாளி அந்தத் தட்டில்தான் இருக்கிறது.