ஆறு இஞ்சா, எட்டு இஞ்சா? நெல்லை வானத்துக்கு ஒரு தொலைநோக்கி

“அண்ணாச்சி, ஆறு இஞ்ச் போதுமா, எட்டாவே எடுத்திரட்டுமா?” தொலைநோக்கி வாங்கத் துணிந்தவர் எவரும் முதலில் கேட்பது இதைத்தான். முன்பக்க லென்ஸின் விட்டத்தை, அல்லது குழாயின் அடியில் இருக்கும் குழியாடியின் விட்டத்தைத்தான் இப்படி இஞ்ச் கணக்கில் சொல்கிறோம். பெட்டிமேல் கொட்டை எழுத்தில் ‘525 மடங்கு’ என்று போட்டிருந்தால் அதை விட்டுத்தள்ளுங்கள். ஐபீஸை, அதாவது கண் வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸை, மாற்றினால் உருப்பெருக்கம் மாறிவிடும், விட்டம் மாறாது. மில்லிமீட்டரில் விட்டம் எவ்வளவோ, அதைப்போல இரண்டு மடங்கு வரைதான் உருப்பெருக்கத்தால் பயன். 60 மி.மீ. குழாயில் 120-ஐத் தாண்டினால் பெரிதாகத் தெரியும், கூடவே மங்கிக் குழம்பியும் போகும்.

ஒளி சேர்வது விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இருட்டுக்குப் பழகிய கண்ணின் பாப்பா சுமார் 7 மி.மீ. விரியும். அதோடு ஒப்பிட்டால் ஆறு இஞ்ச், அதாவது 150 மி.மீ., ஏறக்குறைய 460 மடங்கு ஒளியைச் சேர்க்கிறது. எட்டு இஞ்ச் 800 மடங்குக்கும் மேல். கூடுவது இரண்டே இஞ்ச்தான், ஒளியோ முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது.

இதைக் கண்ணால் பார்க்க ஒமேகா சென்டாரி இருக்கிறது. சுமார் 17,000 ஒளியாண்டு தூரத்தில், ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்கள் உருண்டு திரண்ட கொத்து. லண்டன்காரர்களுக்கு அது எழும்பவே எழும்பாது. நமக்கோ சித்திரை பிறக்கும் வாக்கில் நள்ளிரவை ஒட்டித் தெற்கே 34 பாகை உயரத்தில் நிற்கும். அதிலுள்ள பிரகாசமான விண்மீன்களே 11.5 ஒளித்தரம் வாக்கில்தான் (இந்த எண் கூடக் கூட விண்மீன் மங்கல்). நல்ல இருட்டில் 70 மி.மீ. குழாயின் எல்லை சுமார் 11, ஆகவே அதில் ஒரு புகைத் திட்டுதான் தெரியும். ஆறு இஞ்சின் எல்லை 12.6-ஐத் தொடுவதால் திட்டின் ஓரங்கள் பொடிப்பொடியாக உதிர ஆரம்பிக்கும். எட்டில் எல்லை 13-ஐத் தாண்டிவிடும், நடுப்பகுதி வரை புள்ளிகள். முதல் தடவை பார்க்கிறவர் ஐபீஸை விட்டு நகரமாட்டார், பின்னால் நிற்பவர் பொறுமையாக இருக்க வேண்டியதுதான்.

விட்டம் கூடினால் நுணுக்கமும் கூட வேண்டும். ஆறு இஞ்ச் 0.77 விகலை இடைவெளியைப் பிரிக்கும், எட்டு 0.58 (ஒரு பாகையை 3600 கூறு போட்டால் ஒரு கூறு ஒரு விகலை). ஆனால் இது ஏட்டுக் கணக்கு. குறுக்குத்துறைப் படியில் நின்றால் ஆற்றடிக் கூழாங்கல் நெளிகிற மாதிரி, காற்று கோளின் உருவத்தை நெளிய வைக்கும். பெரும்பாலான இரவுகளில் அந்த நெளிவே ஒன்றிரண்டு விகலை இருக்கும், அப்போது எட்டு இஞ்சும் ஆறு இஞ்சும் ஒன்றுதான். இதில் பாதி நாமே வரவழைப்பது. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் மொட்டை மாடி நடுராத்திரி வரை அனலைக் கக்கும். மண்தரை எவ்வளவோ மேல். நமக்கு ஒரு கொடுப்பினையும் உண்டு: 8.7 பாகை அட்சரேகையில் இருப்பதால் கோள்கள் உச்சிக்கு அருகிலேயே கடக்கின்றன, குறுக்கே வரும் காற்றும் குறைவு.

அப்புறம், ஊர் வெளிச்சம். பலரும் ஏமாறுவது இங்கேதான். ஆண்ட்ரோமீடா கேலக்ஸி போலப் பரந்து கிடக்கும் பொருளின் பரப்பொளியை, அதாவது அதன் ஒவ்வொரு துண்டும் காட்டும் பிரகாசத்தை, வெறுங்கண்ணுக்குத் தெரிவதைவிட எந்தத் தொலைநோக்கியாலும் கூட்டிக் காட்ட முடியாது. படத்தை மங்கவிடாமல் பெரிதாக்குவது மட்டுமே கூடுதல் விட்டத்தின் வேலை. வானத்தின் பின்னணி வெளிச்சமும் அதே விகிதத்தில் உள்ளே வரும். பாளையங்கோட்டை மாடியில் பத்து இஞ்ச் வைத்துக் கேலக்ஸி தேடுவதைவிட, ஆறு இஞ்சோடு நாங்குநேரிக்குத் தெற்கே ஒரு காட்டுப் பாதையில் இறங்கிவிடலாம். நிலா, கோள்கள், இரட்டை விண்மீன்கள் போதும் என்றால் மாடியே தாராளம்.

காற்றையும் கணக்கில் சேருங்கள். பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. ஆனி, ஆடியில் அம்மியே பறக்கும் என்பார்கள், 1.2 மீட்டர் நீளக் குழாய் எம்மாத்திரம்? ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் போய்விடும். நமக்கு வாய்த்தது தையிலிருந்து சித்திரை வரை.

வானம் சுழலும் போக்கிலேயே குழாயைத் திருப்பிக்கொண்டு போகும், மோட்டார் வைத்த நிலநடுக்கோட்டுத் தாங்கி வாங்கும் யோசனை இருந்தால் ஒரு எச்சரிக்கை. அதைத் துருவ விண்மீனை நோக்கித் திருப்ப வேண்டும். நம் ஊரில் அது அடிவானத்திலிருந்து பத்துப் பாகைகூட எழும்பாது, ஒரு தென்னை மறைத்துவிடும். வெறுமனே பார்ப்பதற்கு ஜான் டாப்சன் பரப்பிய மரப்பெட்டித் தாங்கி போதும். வேதாந்த மடத்தில் துறவியாக இருந்து, 1967-இல் வெளியே அனுப்பப்பட்டு, சான் பிரான்சிஸ்கோ நடைபாதையில் தொலைநோக்கி வைத்துப் போகிறவர் வருகிறவரை எல்லாம் கூப்பிட்டு நிலாவைக் காட்டிய மனிதர் அவர்.

சரி, எதை எடுப்பது? கார் இருந்தால், தூக்க ஒரு கை கூட இருந்தால், யோசிக்காமல் எட்டு இஞ்ச் டாப்சோனியன். குழாயும் பெட்டியும் சேர்ந்து 20 கிலோ வாக்கில் வரும். குறுகிய மாடிப்படியில் தனியாக ஏற்றுகிறவருக்கு ஆறு. பைக் மட்டும்தான் என்றால் 130 மி.மீ. மேசைமேல் வைக்கும் வகை. அதோடு ஆடாத ஸ்டூல் ஒன்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். பக்கத்தில் நிற்கும் கார் பானெட்மேல் வைத்தால் இன்ஜின் சூட்டில் சனியின் வளையம் நெளியும்.