ஊர்பொறி

சென்ற மாதம் சென்னையின் மின்னணுக் கடைவீதியான ரிச்சி தெருவில் ஒரு கல்லூரி மாணவி, "அண்ணா, மொபைல் ரோபோவுக்கு வீல் வேணும்" என்று கேட்டாள். 'மொபைல்' காதில் விழுந்ததுமே கடைப் பையன், "மொபைல் அயிட்டம் எல்லாம் மாடியில அக்கா" என்று கை காட்டிவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. சென்னையில் மொபைல் என்றால் கைபேசிதான். இடம்விட்டு இடம் நகரும் ரோபோவுக்கு ஒரு தமிழ்ப்பெயர் வேண்டும் என்று அன்றுதான் எனக்கு உறுதியாகப் பட்டது.

முதலில் ரோபோ. செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920-இல் எழுதிய நாடகத்தில் வந்த சொல். எடுத்துக்கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசெப். செக் மொழியில் 'ரொபோட்டா' என்பது பண்ணையாட்கள் கூலியில்லாமல் செய்த கட்டாய வேலை. இதற்கு நம்மிடம் நேர்ச்சொல்லே இருந்தது: சோழர் கல்வெட்டுகளில் வரும் 'வெட்டி'. ஊதியமில்லாமல் செய்தே ஆகவேண்டிய வேலை அது. இன்றோ 'வெட்டியா இருக்கான்' என்றால் வேலையே இல்லாதவன். பொருள் இவ்வளவு புரண்ட பிறகு அதை மீட்க வழியில்லை.

அப்புறம் எந்திரன். எந்திரம் பழைய சொல்; சங்கப் பாடல்களில் கரும்பு பிழியும் ஆலைக்கு அதுதான் பெயர். எனக்கு இடிப்பது அந்த 'அன்' விகுதி. சேர்த்ததும் உயர்திணை ஆண்பாலாகி, கை கால் முளைத்த ஓர் ஆள் எழுந்து நிற்கிறான். தரையோடு தரையாக ஓடும் சக்கரப் பெட்டிக்கு அது பொருந்தவில்லை.

பொறி பொருந்துகிறது. சீவக சிந்தாமணியில் சீவகனின் தாய் விசயை ஏறிப் பறந்தது மயிற்பொறி. அதே சொல் ஐம்பொறியில் கண், காது, மூக்கு, நாக்கு, மெய்யையும் குறிக்கிறது. இயங்கும் கருவிக்கும் உணரும் உறுப்புக்கும் ஒரே சொல்! சென்சார் வைத்த இயந்திரத்துக்கு இதைவிட நல்ல சொல் எங்கே கிடைக்கும்?

சக்கர ரோபோக்களின் வரலாறும் பொறியிலிருந்தே தொடங்குகிறது. 1948–49 வாக்கில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் நரம்பியல் ஆய்வாளர் கிரே வால்ட்டர் எல்மர், எல்சி என்று இரண்டு ஆமைகள் செய்தார். மூன்று சக்கரம், பழைய ரேடியோவில் இருப்பதுபோல் இரண்டு வால்வு, ஓர் ஒளியுணரி, முட்டினால் அறியும் ஓடு. கண்ணும் மெய்யும் மட்டுமே பொறிகள். அவ்வளவை வைத்தே வெளிச்சத்தைத் தேடிப் போயின, தடையில் மோதினால் விலகிச் சென்றன.

ஆமை ஊர்வது. ஊர்தி என்ற சொல்லும் அதே 'ஊர்' வினையிலிருந்து வந்ததுதான். எறும்பு ஊர்கிறது, அரசன் குதிரை ஊர்ந்தான். சக்கரத்துக்கும் உயிருக்கும் பொதுவான வினை. ஆகவே என் பரிந்துரை ஊர்பொறி: ஊர்ந்த, ஊர்கின்ற, ஊரும் பொறி என விரியும் வினைத்தொகை. 'நடமாடும்' என்றால் கால் வந்துவிடுகிறது. 'உலாவி'யை இணையத்துக்குக் கொடுத்துவிட்டோம்.

ஊர்தல் என்றதும் மெதுவான நகர்வு நினைவுக்கு வரும். அதுவும் சரிதான். 1979-இல் ஸ்டான்ஃபோர்டில் ஆய்வாளர் ஹான்ஸ் மொராவெக்கின் ரோபோ வண்டி, நாற்காலிகள் நிறைந்த ஓர் அறையைத் தானாகக் கடக்கச் சுமார் 5 மணி நேரம் எடுத்தது. கொஞ்சம் நகரும், நிற்கும், படமெடுக்கும், கணக்குப் போடும், மறுபடி நகரும். அதற்கு முன் 1966–72-இல் கலிஃபோர்னியாவில் உருவான ஷேக்கி என்ற ரோபோ, ஓடும்போது ஆடியதால் அந்தப் பெயர் பெற்றது. அதற்காக 1968-இல் வகுத்த 'ஏ ஸ்டார்' வழிதேடும் முறை இன்றும் கணினி விளையாட்டுகளில் இருக்கிறது.

ஆய்வகத்தை விட்டு மனிதர்களிடையே வந்தபோது வேறு சிக்கல். 1998-இல் வாஷிங்டன் அருங்காட்சியகம் ஒன்றில் பார்வையாளர்களுக்கு வழிகாட்டிய மினர்வா என்ற ரோபோவுக்குப் புருவமும் வாயும் வைத்திருந்தார்கள். யாராவது வழியை மறித்து நின்றால் முகம் சுளிக்கும். இங்கே பழைய மகாபலிபுரம் சாலை உணவகம் ஒன்றில் தட்டு சுமந்து வந்த ஊர்பொறிக்கு ஒரு பாட்டி காலை ஒதுக்கி, "வாம்மா, போம்மா" என்று வழிவிட்டதைப் பார்த்தேன். பொறி அஃறிணைதான். ஆனால் பசுவை 'என் அம்மை வந்தாள்' என்பதை உவப்பால் வந்த திணை வழுவமைதி என்று ஏற்ற இலக்கணம் நம்முடையது. பாட்டியையும் அது ஏற்கும்.

ரிச்சி தெருவுக்குத் திரும்புவோம். அந்தப் பெண்ணுக்கு பேட்டரியில் ஓடும் மஞ்சள் பிஓ மோட்டார் இரண்டும் சக்கரம் இரண்டும் முன்பக்கத்துக்கு, எந்தப் பக்கமும் திரும்பும் காஸ்டர் சக்கரம் ஒன்றும் கிடைத்தன. ஸ்டியரிங் கிடையாது. இரு சக்கரமும் ஒரே வேகத்தில் சுழன்றால் நேரே போகும், ஒன்று மெதுவானால் அந்தப் பக்கம் திரும்பும், எதிரெதிராகச் சுழன்றால் நின்ற இடத்திலேயே சுற்றும். கையோடு கொண்டுவந்த சேசிஸில், அதாவது அடிச்சட்டத்தில், அங்கேயே மாட்டி, கவுன்டர் கண்ணாடிமேல் வைத்து ஒயரைத் தொட்டாள். அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. கடைப் பையன் குனிந்து பார்த்தான்.

"என்னக்கா, ஊருது? பேட்டரி டவுனா?"