கையெழுத்து ஃபான்ட் கண்ணை எப்படி நம்ப வைக்கிறது?

கையெழுத்து மாதிரி இருக்கும் ஏதாவது ஒரு ஃபான்டில் "அப்பப்பா" என்று அடித்துப் பாருங்கள். ப் ப ப் பா என்று அதே எழுத்து நான்கு தடவை வருகிறது, நான்கும் ஒரே உயரம், ஒரே சாய்வு, மேலே உள்ள புள்ளிகூட ஒரே இடத்தில் என்றால், இதை எழுதியது கை இல்லை என்று கண் உடனே கண்டுபிடித்துவிடும். கையெழுத்து ஃபான்டை எடைபோட எனக்கு இந்த ஒரு சொல் போதும்.

1994ல் மைக்ரோசாஃப்டில் வின்சென்ட் கொன்னேர் வரைந்த காமிக் சான்ஸ் என்ற ஃபான்டில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே ஒரு வடிவம்தான். ஆங்கிலக் காமிக்ஸ் ஃபான்ட் செய்கிறவர்கள் இதற்கு ஒரு கெட்டிக்கார வழி வைத்திருந்தார்கள். வசன பலூனில் எல்லாமே பெரிய எழுத்து என்பதால், சின்ன எழுத்துக்கான இடத்தில் அதே பெரிய எழுத்தைக் கொஞ்சம் மாற்றி வரைந்து வைத்துவிட்டார்கள். அடிக்கிறவர் ஷிஃப்டை விட்டு விட்டு அமுக்கி மாற்றிக்கொள்ள வேண்டும். நெதர்லாந்தின் எரிக் வான் பிளாக்லேண்டும் யுஸ்ட் வான் ராஸமும் (பைத்தான் கணினி மொழியை உருவாக்கிய கீடோ வான் ராஸமின் தம்பி) 1990 வாக்கில் இன்னும் துணிச்சலாக பியோவுல்ஃப் என்ற ஃபான்டைச் செய்தார்கள். அது கையெழுத்து இல்லை, ஆனால் அச்சடிக்கும் நேரத்தில் பிரிண்டரே எழுத்தின் ஓரங்களைக் கண்டபடி நகர்த்தியது, அதனால் அதே எழுத்து இரண்டு தடவை ஒரே மாதிரி வரவில்லை. திரையில் இது சரிப்படாது, பக்கத்தை நகர்த்தும்போதெல்லாம் எழுத்து ஆடினால் யார் படிப்பது?

இன்று பரவலாக இருக்கும் ஓப்பன்டைப் என்ற கோப்பு வகை ஃபான்டுகள் எதையும் தற்செயலுக்கு விடுவதில்லை. ப-வுக்கு மூன்று வடிவம் வரைந்து உள்ளே வைத்து, கூடவே ஒரு விதியும் எழுதிவிடுவார்கள்: பக்கத்தில் ஏற்கெனவே முதல் வடிவம் இருந்தால் இரண்டாவதைப் போடு, அதுவும் இருந்தால் மூன்றாவதை. வித்தியாசம் பெரிதாக இருக்கக் கூடாது. எழுத்து அடங்கும் சட்டத்தின் உயரத்தை 1000 அலகாகப் பிரித்தால், 10, 20 அலகு ஏற்றி இறக்கினாலே கை அசைந்த உணர்வு வந்துவிடும்.

தமிழில் எழுத்துகளைக் கூட்டெழுத்தாகக் கோக்கிற தொல்லை அநேகமாக இல்லை, ஆனால் க்க, ட்ட, த்த, ம்ம என்று இரட்டிப்பு எங்கே பார்த்தாலும் வருகிறது. அப்புறம் "கொக்கோ" மாதிரி சொல்லில் கொம்பும் காலும் குறுக்கே நிற்கும், விதி அவற்றைத் தாண்டிப் போய் முந்தைய க-வைப் பார்க்க வேண்டும். கொம்புக்கும் காலுக்கும்கூட மாற்று வடிவம் வேண்டும், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஃபான்ட் நன்றாக இருந்தும் எல்லாம் ஒரே அச்சாகத் தெரிந்தால் மென்பொருளைப் பாருங்கள். வேர்டில் எழுத்துரு அமைப்பின் மேம்பட்ட பக்கத்தில் அந்த விதியை இயக்குகிற சூழல் மாற்று வடிவங்களுக்கான (Contextual Alternates) பெட்டியை நாமே டிக் செய்ய வேண்டும்.

அழைப்பிதழ் தலைப்பு, ஊறுகாய் பாட்டில் லேபிள், குழந்தைகள் புத்தக அட்டை, படக்கதை வசனம் எல்லாவற்றுக்கும் இப்படிப்பட்ட ஃபான்ட் அருமையாகப் பொருந்தும். பத்தி பத்தியாக மட்டும் போடாதீர்கள். க-வும் த-வும் ம்-மும் ஒரு பக்கத்தில் அத்தனை தடவை வரும்போது, மூன்று வடிவமும் மாறி மாறிச் சுற்றுவது கண்ணில் பட ஆரம்பித்துவிடும்.